கப்பலில் இலோங்கோ பேசுவது எப்படி: மும்பையில் ஜாய்னிங்குக்குக் காத்திருக்கும் தமிழர்களுக்கு

பிலிப்பினோ ஆட்களோடு கப்பல் ஏறப் போகிறோம், நாலு வார்த்தை தகாலோக் தெரிந்தால் போதும் என்றுதான் பேலாப்பூரிலும் மஸ்ஜித் பந்தரிலும் ரூம் எடுத்துக் காத்திருக்கும் நம் பையன்கள் பலர் நினைக்கிறார்கள். போதாது என்பேன். பிலிப்பைன்ஸில் நூற்றுக்கும் மேலே மொழிகள் இருக்கின்றன, தகாலோக் அதில் ஒன்று, மணிலாவையும் சுற்று வட்டாரத்தையும் சேர்ந்தது. தேசிய மொழியை அதன் மேல்தான் கட்டினார்கள் என்பதால் எல்லாருக்கும் புரியும், ஆனால் பக்கத்துக் கேபின்காரர் வீட்டுக்குப் போன் போட்டால் பேசுவது பெரும்பாலும் வேறு மொழியாக இருக்கும். மும்பையில் நம்மை 'மதராஸி' என்று ஒரே கணக்கில் சேர்த்து இந்தியில் ஆரம்பிப்பார்கள், நாமும் பதில் சொல்லிவிட்டுப் போவோம். அதே ஊரில், தாராவியிலோ மாட்டுங்காவிலோ யாராவது 'தம்பி எந்த ஊரு?' என்று கேட்டால் நின்று பேசுகிறோம் இல்லையா, கப்பலில் அவர்களுக்கும் அப்படித்தான்.

கடல் வேலைக்கு வரும் பிலிப்பினோக்களில் இலோய்லோக்காரர்கள் ஒரு பெரிய கூட்டம். பனாய் தீவின் தென்கிழக்கில் இருக்கும் இலோய்லோ நகரம் கடல்சார் கல்லூரிகளுக்குப் பேர் போனது. அவர்கள் மொழிக்கு ஏட்டுப் பெயர் ஹிலிகய்னோன், பேச்சில் மொழியையும் ஆளையும் சேர்த்து இலோங்கோ என்பார்கள். 'இலோங்கோ கா?' என்று கேளுங்கள், 'நீ இலோங்கோவா?' என்று அர்த்தம். அதுவே பாதி அறிமுகம்.

முதலில் ஊரைக் கேளுங்கள்

'தகா-தியின் கா?' என்றால் 'எந்த ஊர்க்காரர் நீங்கள்?'. வரும் பதிலை வைத்து எதில் பேசலாம் என்று முடிவு செய்துவிடலாம், அதற்குக் கொஞ்சம் பூகோளம் தெரிந்திருக்க வேண்டும்.

இலோய்லோ, அதன் எதிரே மாம்பழத்துக்குப் பெயர் பெற்ற கிமராஸ் தீவு, ஜலசந்தியைத் தாண்டினால் பாகோலோட் நகரம் உள்ள மேற்கு நீக்ரோஸ் என்று சொன்னால் கவலையே இல்லை, மூன்றும் ஹிலிகய்னோன் பேசும் இடங்கள். நீக்ரோஸுக்கு மொழி போன கதை சர்க்கரையோடு சேர்ந்தது: 1855இல் இலோய்லோ துறைமுகம் வெளிநாட்டு வாணிபத்துக்குத் திறந்துவிடப்பட்டது, கரும்புக்குக் கிராக்கி ஏறியது, பனாயிலிருந்து முதலாளிகளும் கூலிகளும் எதிர்க்கரைக்குப் போய்த் தோட்டம் போட்டார்கள். தீவின் நடுவே மலைத்தொடர் நிற்பதால் அந்தப் பக்கம், கிழக்கு நீக்ரோஸில், பக்கத்துச் செபு தீவின் மொழியான செபுவானோ பேசுகிறார்கள். மேற்கிலேயே இருந்தாலும் சான் கார்லோஸ் நகரத்துக்காரர் என்றால் அவரும் செபுவானோதான், ஏமாந்துவிடாதீர்கள். 2024இல் இரண்டு நீக்ரோஸ் மாகாணங்களையும் பக்கத்துச் சிகிஹோர் தீவையும் சேர்த்துத் தனி மண்டலம் ஆக்கினார்கள், ஆனால் பாகோலோட் தெருவில் பேச்சு பழையபடியேதான்.

பனாயின் மேற்குக் கரை மாகாணமான அன்டிகே என்று சொன்னால் அவர் வீட்டு மொழி கினராய்-ஆ. இலோய்லோவின் உள்நாட்டு ஊர்களிலும் அதுதான். ஹிலிகய்னோனில் 'வலா' என்பது அங்கே 'வரா' ஆகிவிடும், இப்படிப் பல சொற்களில் லகரம் இருக்கும் இடத்தில் ரகரம் நிற்கும், கூடவே ஒரு மங்கலான உயிரொலியும் உண்டு. அவர்களுக்கு ஹிலிகய்னோன் நன்றாகவே வரும். அதே பனாயில் காபிஸ் மாகாணத்துப் பக்கம் பேசும் காபிஸ்னோன் ஹிலிகய்னோனுக்கு ரொம்ப நெருக்கம். போராகாய் கடற்கரை இருக்கும் அக்லானில் அக்லானோன், அது சற்று விலகியது.

ஆச்சரியம் தருவது நாட்டின் தெற்கே இருக்கும் பெரிய தீவு மின்டனாவோ. இலோய்லோவிலிருந்து ரொம்ப தெற்கே, தென் கோட்டபாட்டோவின் கொரோனடால் நகரத்தில் இறங்கினாலும் இதே மொழி காதில் விழும். 1939இல் அரசாங்கம் ஜெனரல் பவுலினோ சாண்டோஸ் தலைமையில் அந்தப் பள்ளத்தாக்கில் குடியேற்றம் தொடங்கியது, வடக்கேயிருந்து நிலமில்லாதவர்கள் கப்பல் ஏறிப் போனார்கள், பனாய், நீக்ரோஸ் எல்லாம் அடங்கிய விசாயாஸ் தீவுக்காரர்களின் பேச்சு அங்கே நிலைத்துவிட்டது. டியூனா மீனுக்குப் பெயர்போன ஜெனரல் சாண்டோஸ் நகரம் அவர் பெயரில்தான் இருக்கிறது. எல்லாம் சேர்த்து இந்த மொழியைப் பேசுகிறவர்கள் சுமார் 90 லட்சம் என்று பொதுவாகக் கணக்கு சொல்வார்கள்.

வாயைப் பழக்குங்கள்

இங்கே எல்லாச் சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், அதனால் க, ப, த மூன்றும் கொஞ்சம் தொல்லை தரும், எங்கே அழுத்தம் எங்கே மென்மை என்று இடையிடையே சொல்கிறேன். ஹிலிகய்னோனை எழுதுவது ரோமன் எழுத்தில், எழுதியதை அப்படியே வாசித்தால் போதும், ஆங்கில ஸ்பெல்லிங் கஷ்டம் எதுவும் கிடையாது. ஆகவே சீக்கிரம் அந்த எழுத்துக்கே மாறிவிடுங்கள்.

நமக்கு ஒரு வசதி ங. அரிச்சுவடியில் 'ஙப்போல் வளை' என்று படித்ததோடு சரி, ங-வில் தொடங்கும் சொல்லே நமக்குக் கிடையாது, இவர்களிடம் தாராளம். 'அனோ ஙாலன் மோ?' என்றால் 'உங்கள் பெயர் என்ன?'. 'ஙா-ஆ?' என்றால் 'ஏன்?'. 'ஙிப்போன்' என்றால் பல். வட இந்தியப் பையன்கள் இந்த இடத்தில் 'ந' போட்டுத் தடுமாறுவார்கள், நீங்கள் 'மாங்காய்' என்று சொல்லிப் பார்த்து நடுவிலிருக்கும் ஒலியை மட்டும் பிய்த்து முன்னால் வைத்தால் வந்துவிடும்.

நமக்குக் கஷ்டம் கொடுப்பது நடுவில் வரும் நிறுத்தம். 'இரவு' என்பது 'கப்-இ', கோபாலின் க, பாலுவின் ப. அந்தக் கோடு போட்ட இடத்தில் தொண்டையை ஒரு நொடி அடைத்துவிட்டு 'இ' என்று புதிதாகத் தொடங்க வேண்டும். நம் வாய்க்கு மெய்யும் உயிரும் பக்கத்தில் நின்றால் உடனே சேர்த்துவைக்கிற பழக்கம், 'கபி' என்று புணர்த்திவிடுவோம். 'சின்-ஓ' என்றால் யார், 'சான்-ஓ' என்றால் எப்போது. இரண்டையும் ஹார்பர் லைனில் போகும்போது முணுமுணுத்துப் பழகுங்கள், வண்டியில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ராகம் முக்கியம். இலோங்கோ பேச்சு இழைந்து, வாக்கிய முடிவில் மேலே ஏறி இறங்கும். அவர்கள் கோபத்தில் திட்டினாலும் கொஞ்சுவது போலத்தான் கேட்கும் என்று மற்ற பிலிப்பினோக்கள் கிண்டல் செய்வார்கள். ஆகவே குரல் மென்மையாக இருப்பதை வைத்து போசன் (டெக் ஆட்களுக்கு மேஸ்திரி) நல்ல மூடில் இருக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள்.

கூப்பிடும் முறை

தகாலோக் படித்தவர்கள் எதற்கெடுத்தாலும் வாக்கியத்தில் 'போ' சேர்த்து மரியாதை காட்டுவார்கள். ஹிலிகய்னோனில் அது கிடையாது. மரியாதை முறைப்பெயரில் இருக்கிறது: வயதில் பெரியவர் ஆண் என்றால் 'மனோங்', சுருக்கி 'நோங்', பெண் என்றால் 'மனாங்', 'நாங்'. சின்னப் பையனை இலோய்லோவில் 'தோத்தோ' என்பார்கள், நீக்ரோஸ் பக்கம் 'நோனோய்'. பெண் பிள்ளையை 'இந்தாய்'. அண்ணே, அக்கா, தம்பி என்று முன்பின் தெரியாதவரையும் கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஐம்பது வயது ஃபிட்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'நோங்' என்று ஆரம்பியுங்கள், 'தயவுசெய்து' என்பதற்கு 'பலிஹோக்' சேருங்கள், வேலை நடக்கும். டெக்கில் டியூட்டி நேரத்தில் பதவிப் பெயர்தான், அது வேறு.

வணக்கம் நேரத்துக்கு ஒன்று: காலையில் 'மாஆயோங் அகா', நடுப்பகலில் 'மாஆயோங் உட்தோ', பிற்பகல் 'மாஆயோங் ஹாப்போன்', இரவில் 'மாஆயோங் கப்-இ'. நன்றி 'சலாமத்'. பிரியும்போது 'ஹாலோங்', பத்திரமாக இருங்கள் என்று பொருள். காங்வேயில் (கரைக்கு இறங்கும் ஏணியில்) இறங்கும் ஆளிடம் இதைச் சொன்னால் நிச்சயம் ஒரு சிரிப்பு கிடைக்கும்.

ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள், தமிழ் வழியாகப் படியுங்கள்

நான் சொல்ல வந்ததே இதுதான். ஆங்கிலப் புத்தகங்கள் இரண்டு பக்கம் விளக்குகிற பல விஷயங்கள் நமக்கு ஒரே வரியில் புரிந்துவிடும்.

'கிதா' என்றால் நாம், 'கமி' என்றால் நாங்கள். அவ்வளவுதான். 'அதோன்' நம்முடையது, 'அமோன்' எங்களுடையது. இந்தியில் 'ஹம்' ஒன்றுதான், ஆங்கிலத்திலும் ஒன்றுதான், அங்கிருந்து வருகிறவர்கள் இதைத் தப்பாகச் சொல்லிச் சொல்லித்தான் பழக வேண்டியிருக்கும்.

அடுத்தது ஒட்டுகள். தமிழில் -தான், -உம், -ஆ, -ஆம் இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியுமா? இவர்களிடமும் அப்படிச் சின்னச் சொற்கள் உண்டு, தனிச் சொல்லாக நிற்கும். 'கிட்' (கோபாலின் க) நம் '-தான்', '-ஏ' போல அழுத்தம் கொடுக்கும்: 'நமித்' என்றால் ருசி, 'நமித் கிட்' என்றால் ருசின்னா ருசிதான். 'மான்' என்பது '-உம்': 'அகோ மான்', நானும் (இங்கே க வல்லோசை). 'பாலா' கேள்விக்கு வரும் '-ஆ'. எனக்கு மிகவும் பிடித்தது 'குனோ', அது நம் '-ஆம்'. 'மபவுலி குனோ சியா' என்றால் 'அவர் ஊருக்குப் போறாராம்'. நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்கிற அந்தத் தொனியை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும், இங்கே ஒரு சொல்லில் முடிந்தது. கப்பலில் ஓடும் முக்கால்வாசிப் பேச்சு வதந்திதான் என்பதால் நிறைய உபயோகப்படும்.

மறுப்பு இரண்டு விதம். 'மாட்டேன்', 'அல்ல' என்கிற இடத்தில் 'இந்தி'. 'இல்லை', '-வில்லை' என்கிற இடத்தில் 'வலா'. ஆமாம், 'இந்தி' என்றால் 'முடியாது'. மும்பைத் தமிழன் இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க மாட்டான், சிரித்துவிட்டு மேலே படியுங்கள். 'இந்தி அகோ மக்கவோன்', நான் சாப்பிட மாட்டேன். 'வலா அகோ நக்கவோன்', நான் சாப்பிடவில்லை. தண்ணீர் இல்லை என்பதற்கு 'வலா சங் துபிக்'. ஆம் என்பது 'ஹுஓ'.

இடம் சொல்வது மூன்று படி: 'திரி' என்னருகே, 'திரா' உங்களருகே, 'தித்தோ' தூரத்தில். நம் பழைய இங்கே, உங்கே, அங்கே. யாழ்ப்பாணத்தார் இன்னும் 'உங்கே' சொல்வார்கள், அவர்களுக்கு இது பாடமே இல்லை.

இனிமேல் வருவதுதான் உண்மையிலேயே புதுசு. வினை முதலில் வரும், நம் வாக்கியத்தை வால் பக்கத்திலிருந்து பிடிப்பது மாதிரி. யார் செய்தார்கள் என்று வினையில் விகுதி கிடையாது, -ஏன், -ஆய், -ஆன் எதுவும் வேண்டாம். 'கவோன்' என்பது சாப்பிடு. 'நக்கவோன்' சாப்பிட்டாயிற்று, 'நகாகவோன்' சாப்பிட்டுக்கொண்டிருப்பது, 'மகவோன்' சாப்பிடப் போவது. பேச்சில் 'நகா' தேய்ந்து வெறும் 'கா' ஆகிவிடும், 'காகவோன்'. அப்புறம், எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதற்கு முன்னால் 'அங்', மற்றதற்கு 'சங்'. 'நக்கவோன் அகோ சங் இஸ்தா' என்றால் நான் ஏதோ மீன் சாப்பிட்டேன். அதே மீனைப் பற்றித்தான் பேச்சு என்றால் வினையே மாறிவிடும்: 'கின்கவோன் கோ அங் இஸ்தா', அந்த மீனை நான் சாப்பிட்டேன். விதியை மனப்பாடம் செய்யாதீர்கள். கவோன், இனோம் (குடி), கட்தோ (போ) மூன்றையும் எல்லா வடிவத்திலும் சொல்லிப் பழகினால் மற்றவை தானாக வரிசையில் நிற்கும்.

எண்களில் ஒரு சுலபம் உண்டு. பத்து வரை சொந்த எண்கள்: இசா, துஹா, தத்லோ, அபாத், லிமா, அனும், பித்தோ, வலோ, சியாம், நபுலோ. பணம், மணி என்று வந்தால் பெரும்பாலும் ஸ்பானிய எண்ணுக்குத் தாவிவிடுவார்கள், கிழமைப் பெயரும் ஸ்பானியம்தான்.

மெஸ் ரூம்

மொழி வேகமாக வருவது சாப்பாட்டு மேசையில். 'கவோன் தா' என்று யாராவது கூப்பிட்டால் 'வாங்க சாப்பிடலாம்' என்று அர்த்தம், பசி இல்லையென்றாலும் போய் உட்காருங்கள். நெல், அரிசி, சோறு என்று நாம் மூன்று சொல் வைத்திருப்பது போல அவர்களும் ஹுமாய், புகாஸ், கான்-ஓன் என்று வைத்திருக்கிறார்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் எதுவும் 'சுட்-ஆன்'. காரம் 'கஹாங்', நம் ஊறுகாயை நீட்டும் முன் இந்தச் சொல்லால் எச்சரித்துவிடுங்கள்.

ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் பேச்சு நிற்காது. இலோய்லோவின் லாபாஸ் சந்தைப் பக்கம் பிறந்த பச்சோய், பன்றியின் உள்ளுறுப்புகள் போட்ட நூடுல்ஸ் சூப்; பாகோலோட்டின் இனசால், எலுமிச்சம்புல்லும் கலமான்சி என்கிற சின்ன எலுமிச்சையும் போட்டு ஊறவைத்துக் கரியில் சுட்ட கோழி. ஆனால் வீட்டுச் சாப்பாடு என்றால் 'காபேயெலே', மூன்று பொருளின் முதலெழுத்துகள் K, B, L: கத்யோஸ், பபோய், லங்கா, அதாவது துவரை, பன்றிக்கறி, பலாக்காய் மூன்றும் சேர்த்த குழம்பு. துவரையும் பலாக்காயும் நமக்குத் தெரியாததா. அதில் புளிப்புக்குப் போடும் பத்வான் காய், மும்பைக் கடைகளில் தொங்கும் கோகம், குமரி மாவட்டத்துக் குடம்புளி இரண்டுக்கும் ஒரே கார்சீனியா இனத்துப் பங்காளி. அடுத்த தடவை ஜாய்னிங் போகும்போது ஒரு பாக்கெட் கோகம் பையில் போட்டுக்கொள்ளுங்கள், இலோங்கோ சமையல்காரர் முகர்ந்து பார்த்தாலே தெரிந்துகொள்வார். பன்றி சாப்பிடாதவர்கள் முதல் நாளே 'வலா அகோ நகாகவோன் சங் பபோய்' என்று சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் சூப்பில் அது எங்கே ஒளிந்திருக்கும் என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சாப்பிட்ட பிறகு கேட்க வேண்டிய கேள்வி 'சான்-ஓ கா மபவுலி?', எப்போது ஊருக்குப் போகிறீர்கள்? கான்ட்ராக்ட் எத்தனை மாதம் மிச்சம் என்று ஆரம்பித்துப் பிள்ளைகள் படிப்பு வரை வந்துவிடுவார்கள்.

மாட்டிவிடும் சொற்கள்

தகாலோக்கும் தெரிந்தவர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். 'தாலி' என்றால் மணிலாக்காரருக்கு 'சீக்கிரம்', இலோங்கோவுக்கு 'இங்கே வா'. 'பகால்' அவருக்கு இரும்பு, இவருக்கு 'வாங்கு'. 'லிபோக்' இங்கே வெறும் குழப்பம், தகாலோக்கில் காமம். 'எனக்குக் குழப்பமாக இருக்கிறது' என்று நீங்கள் சொல்லி மெஸ் ரூமே சிரித்தால் காரணம் இதுதான். 'கரோன்' செபுவானோக்காரருக்கு 'இப்போது', இலோங்கோவுக்கு 'அப்புறம்'. இவரிடம் 'இப்போது' என்று கேட்க 'சுபோங்' சொல்ல வேண்டும். ஒரே கப்பலில் இரண்டு பேரும் இருந்தால் வேலை எப்போது முடியும் என்பதில் சண்டை வரலாம்.

எல்லாவற்றிலும் மோசமானது 'அசோ'. தகாலோக்கில் நாய். ஹிலிகய்னோனில் புகை. எஞ்சின் ரூமிலிருந்து ஒருவர் 'அசோ!' என்று கத்தினால் அது எந்த மொழி என்று யோசிக்க நேரமில்லை. அதனால்தான் கப்பலுக்கு ஒரு வேலை மொழியை முடிவு செய்து பதிவேட்டில் எழுத வேண்டும் என்று கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் விதி சொல்கிறது, 2001இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஆங்கிலத்தில் தரமான தொடர்களையும் வகுத்துக் கொடுத்தது. வாட்ச், மூரிங், டிரில், வாக்கிடாக்கி, இவற்றில் ஆங்கிலம் மட்டும். இலோங்கோவைக் காட்டி அசத்துகிற ஆசையை அங்கே அடக்கி வையுங்கள்.

கரையில் இருக்கும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டியவை

மும்பையில் இலோங்கோ ஆட்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டம், ஆகவே காதுக்கு ரேடியோதான் வழி. பாம்போ ராத்யோவின் இலோய்லோ நிலையத்தை இணையத்தில் கேட்கலாம், செய்தி வாசிப்பவர் பேசும் வேகத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், முதலில் 'கிட்', 'குனோ', 'மான்' எத்தனை தடவை வருகிறது என்று மட்டும் பிடியுங்கள். படிப்பதற்கு, ஹவாய் பல்கலைக்கழக அச்சகம் 1971இல் பாடநூல், அகராதி, இலக்கணம் என்று மூன்று ஹிலிகய்னோன் நூல்கள் போட்டது, பழசுதான், ஆனால் பாடநூலின் உரையாடல்கள் இன்னும் உதவும். 1934இல் ஒரு பாதிரியார் இலோய்லோவில் அச்சிட்ட தடித்த அகராதியும் இணையத்தில் இருக்கிறது, அதில் பழைய வழக்கு அதிகம், பேச்சுக்கு நம்ப வேண்டாம். கூகுள் மொழிபெயர்ப்பில் 2024இல் ஹிலிகய்னோனைச் சேர்த்தார்கள். ஒற்றைச் சொல்லுக்குப் பரவாயில்லை, 'கிட்', 'குனோ' போன்றவற்றை விழுங்கிவிடும்.

தூத்துக்குடி, குமரிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பையன்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: ஹிலிகய்னோன் பைபிள் செயலி இலவசம், நமக்கு மனப்பாடமான அதிகாரத்தைத் தமிழில் ஒரு பக்கம், அதில் ஒரு பக்கம் வைத்து வாசித்தால் அகராதியே தேவைப்படாது, ஞாயிற்றுக்கிழமை இலோங்கோக்காரரோடு சேர்ந்து வாசிக்கவும் ஒரு சாக்கு. எதுவானாலும் விமானம் ஏறும் முன்னாலேயே போனில் இறக்கி வைத்துவிடுங்கள், நடுக்கடலில் கம்பெனி கொடுக்கிற டேட்டா வீட்டுக்கு வாட்ஸ்அப் அனுப்பவே பத்தாது.